கறுப்பை விடக் கறுப்பு: ஒரு கல்யாண கேசட்டும் சிங்க் சிக்னலின் வரலாறும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு வி.எச்.எஸ். கேசட் கிடந்தது. 1998-ல் நடந்த அப்பா அம்மா கல்யாணம். அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, நடமாடுகிற ஒரே பதிவு அதுதான். நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். போட்டோ இருக்கிறது. ஆனால் அவர் எப்படி நடப்பார், எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

"கம்ப்யூட்டர் தானே படிக்கிற? இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுடா" என்றார் அம்மா. இஞ்சினியரிங் படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தத் தண்டனை உண்டு :-)

சரி, என்ன பெரிய விஷயம் என்று கிளம்பினேன். தெரிந்த டிவி மெக்கானிக் ஒருவரின் கடையில் பழைய டெக் ஒன்று ஓடும் நிலையில் இருந்தது. கூடவே ஒரு பழைய டியூப் டிவி. கேசட்டைப் போட்டால் டிவியில் படம் வந்தது. நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது, மேல் ஓரம் கொடி மாதிரி லேசாக வளைந்து ஆடியது, அவ்வளவுதான். அதே வயரைப் பிடுங்கி என் லேப்டாப்பில் மாட்டியிருந்த கேப்சர் கார்டில் செருகினேன். இரண்டு விநாடி படம், பிறகு நீலத்திரை. மறுபடி ஒரு விநாடி, மறுபடி நீலத்திரை. கார்டு கெட்டுவிட்டதோ என்று நண்பனிடம் இன்னொன்று வாங்கிப் பார்த்தேன். அதுவும் நீலம்தான்.

கடைசியில் வெறுத்துப்போய் டிவி முன்னால் போனை நிறுத்தி நேராக வீடியோ எடுத்தேன். திரை முழுக்கக் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஓடியது. தாத்தா முகத்தின் மேலேயே ஓடியது.

மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "தம்பி, டிவி பொறுத்துப் போற ஆளு. உன் கார்டு வாத்தியார் மாதிரி. மணி அடிக்கிறப்ப உள்ள இல்லன்னா ஆப்சென்ட் போட்டுடும். படத்துல ஒண்ணும் கோளாறு இல்ல. சிங்க்கு சரியில்ல."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் படித்ததுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

ஒரு வயரில் எப்படிப் படம் போகும்?

போட்டோ என்பது நீளம் அகலம் உள்ள சமாச்சாரம். வயரில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு மின்னழுத்தம்தான் அதில் இருக்க முடியும். அதனால் படத்தை வரி வரியாகக் கிழித்து, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார்கள். நாம் புத்தகம் படிப்பது போலத்தான்: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ்.

புத்தகத்தில் வரி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். வயரின் மறுமுனையில் இருப்பவனுக்கு? "இங்கே வரி முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு", "பக்கம் முடிந்தது, மேலே போ" என்று யாராவது சொல்ல வேண்டும். அந்தக் குரல்தான் ஒத்திசைவுத் துடிப்பு, அதாவது சிங்க். அது இல்லையென்றால் வயரில் படமே இல்லை, வெறும் ஏற்ற இறக்கம்தான் இருக்கிறது.

பல் சக்கரக் காலம்

ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லோகி பேர்ட் 1926 ஜனவரியில் லண்டனில் தொலைக்காட்சியைச் செய்து காட்டினார். அவருடையது இயந்திர முறை. சுருள் வரிசையில் துளைகள் போட்ட வட்டத்தட்டு ஒன்று அனுப்பும் இடத்தில் சுற்றும், அதே மாதிரி இன்னொன்று பார்க்கும் இடத்தில் சுற்றும். ஒரு சுற்றுக்கு ஒரு படம், 30 துளைக்கு 30 வரி.

இரண்டு தட்டும் ஒரே வேகத்தில், ஒரே நிலையில் சுற்றினால்தான் முகம் முகமாகத் தெரியும். கொஞ்சம் பிந்தினால் மூக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம். 1930 வாக்கில் விற்பனைக்கு வந்த பேர்டின் பெட்டியில் இதற்காக ஒரு பல் சக்கரம் வைத்திருந்தார்கள். வருகிற சிக்னலே காந்தத்தின் வழியாக அந்தச் சக்கரத்தை இழுத்துப் பிடித்து, தட்டின் வேகத்தைச் சரிசெய்யும். அப்படியும் பார்ப்பவர் அவ்வப்போது குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதே பேர்ட் 1927-28-ல் படத்தை கிராமபோன் தட்டில் பதிவு செய்தும் பார்த்தார். 30 வரிப் படத்தின் சிக்னல் காதால் கேட்கக்கூடிய அதிர்வெண்ணில் இருந்ததால் அது முடிந்தது. தட்டில் ஒலி இருக்கிறது, திரும்பப் படமாக்கத்தான் சரியாக வரவில்லை. பதிவு இயந்திரத்தின் அதிர்வுகளால் வரிகளின் நேரம் குலைந்து போயிருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1980-களில், டொனால்ட் மெக்லீன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் அந்தத் தட்டுகளின் ஒலியைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வரிகளின் நேரத்தைத் திருத்தி அடுக்கினார். முகங்கள் தெரிந்தன!

நான் செய்யப் பார்த்த அதே வேலை. அவருடைய கேசட் இன்னும் கொஞ்சம் பழசு, அவ்வளவுதான்.

கறுப்பை விடக் கறுப்பு

1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி. முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. பேர்டின் 240 வரி முறையும், மார்க்கோனி-இ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரி மின்னணு முறையும் மாறி மாறி ஓடின. சில மாதங்களிலேயே, 1937 பிப்ரவரியில், பேர்டின் முறையைக் கைவிட்டார்கள். ஐசக் ஷோன்பெர்க் தலைமையிலான இ.எம்.ஐ. குழு ஜெயித்தது. ஆலன் பிளம்லைன் போன்ற மேதைகள் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

அவர்கள் சிங்க்கைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. படத்துக்கு ஒரு வயர், சிங்க்குக்கு ஒரு வயர் என்று கொடுக்க முடியாது. ஆகாயத்தில் ஒரே ஒரு அலைவரிசைதான். எனவே சிக்னலின் உயரத்தைப் பங்கு போட்டார்கள். மேல் 70 சதவீதம் படத்துக்கு. அதன் அடிமட்டம் கறுப்பு. அதற்கும் கீழே உள்ள 30 சதவீதம் சிங்க்குக்கு. அதாவது சிங்க் என்பது கறுப்பை விடக் கறுப்பு! எலெக்ட்ரான் கற்றை ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரிக்குத் திரும்பி ஓடும்போது இந்தத் துடிப்பு வரும். அந்த நேரத்தில் திரை இருட்டாக இருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது. கறுப்புக்குக் கீழே இருப்பதை மட்டும் வெட்டி எடுக்க நாலைந்து உதிரி பாகங்கள் போதும்.

இந்த யோசனை அனலாக் காலம் முடியும் வரை அப்படியே இருந்தது. நம் டெக்கின் பின்னால் இருக்கும் மஞ்சள் வயரில் இன்றும் இதுதான் ஓடுகிறது: மொத்தம் 1 வோல்ட், அதில் 0.7 படம், 0.3 சிங்க். நம் ஊர் பி.ஏ.எல். முறையில் ஒரு வரிக்கு 64 மைக்ரோ விநாடி. அதில் படத்துக்கு 52. மீதி 12-க்குள் ஒளிந்திருக்கும் சிங்க் துடிப்பின் அகலம் 4.7 மைக்ரோ விநாடி.

405, அமெரிக்காவின் 525, ஐரோப்பாவின் 625 என்ற விநோத எண்கள் எங்கிருந்து வந்தன? எல்லாமே ஒற்றைப்படை. ஒரு படத்தை இரண்டு பாதியாக, ஒரு வரி விட்டு ஒரு வரியாக அனுப்பும் முறைக்கு அரை வரி மிச்சம் வேண்டும். அடுத்து, பிரித்துப் பாருங்கள்:

405 = 3 × 3 × 3 × 3 × 5
525 = 3 × 5 × 5 × 7
625 = 5 × 5 × 5 × 5

எல்லாம் சின்னச் சின்ன எண்களின் பெருக்கல். வால்வு காலத்து மின்சுற்றுகளால் ஒரு அதிர்வெண்ணை 3, 5, 7 போன்ற சிறிய எண்களால்தான் நம்பிக்கையாக வகுக்க முடிந்தது. அதற்கு ஏற்ற மாதிரி படத்தையே வெட்டினார்கள். நாம் பார்த்த தூர்தர்ஷனின் வரிக் கணக்கு வரை வந்தது அந்த வால்வுகளின் வாய்ப்பாடு!

பொறுத்துப் போன பெட்டிகள்

அமெரிக்காவில் 1941-ல் என்.டி.எஸ்.சி. குழுவின் 525 வரி முறை நடைமுறைக்கு வந்தது. விநாடிக்கு 60 பாதிப் படங்கள், 15,750 வரிகள். பிறகு கலர் வந்தது. வீடுகளில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் அதே ஒளிபரப்பைப் பார்க்க முடிய வேண்டும் என்பது நிபந்தனை. கலருக்காகச் சேர்த்த துணை அலையும் ஒலி அலையும் ஒன்றோடொன்று மோதித் திரையில் புள்ளிக்கோலம் போடும் அபாயம் இருந்தது. ஒலி அலை படத்திலிருந்து 4.5 மெகா ஹெர்ட்ஸ் தள்ளி இருந்தது. அதை மாற்றினால் பழைய பெட்டிகளில் ஒலி கெடும். எனவே வரி வேகத்தை மாற்றினார்கள். 45,00,000-ஐ 286-ஆல் வகுத்தால் 15,734.27. அதனால் 60 என்பது 59.94 ஆனது. 1953 டிசம்பரில் அரசு அனுமதி கிடைத்தது.

ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாற்றம். வீட்டுப் பெட்டிகள் எதுவும் முணுமுணுக்கவில்லை. ஏன்? அவை எண்ணிப் பார்ப்பதே இல்லை. டிவிக்குள் ஒரு அலையியற்றி தன் பாட்டுக்கு ஏறத்தாழச் சரியான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சிங்க் வந்தால் "ஓ, இப்பவா? சரி" என்று அதனோடு சேர்ந்துகொள்ளும். ஒன்றிரண்டு துடிப்பு தவறினாலும் பழைய வேகத்திலேயே ஓட்டிவிடும். மெக்கானிக் அண்ணன் சொன்ன "பொறுத்துப் போற ஆளு" இதுதான்.

அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. 80-களில் கறுப்பு வெள்ளை டிவி பார்த்தவர்களைக் கேளுங்கள். படம் உருள ஆரம்பித்தால் பெட்டியின் பின்னாலோ பக்கத்திலோ இருக்கும் வி-ஹோல்டு குமிழைத் திருக ஒருவர் எழுந்து போக வேண்டும். "இப்ப நின்னுச்சா?" "இல்ல, இன்னும் கொஞ்சம்... ஆங், போதும் போதும்!" அம்மா வீட்டில் அந்த உத்தியோகம் தாத்தாவுக்காம். அந்த டிவியின் அலையியற்றியை சிங்க்கோடு கையால் சேர்த்து வைத்த மனிதர் அவர் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நாசாவும் என் போனும்

டிவி முன்னால் போனை நிறுத்திப் படம் எடுத்தது அவமானமாக இருந்தது என்றேன் அல்லவா? அதே வேலையை நாசாவே செய்திருக்கிறது என்று படித்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

1969 ஜூலை. அப்போலோ 11 நிலாவில் இறங்குகிறது. நிலாவிலிருந்து வீடியோவுக்குக் கிடைத்த அலைவரிசை அகலம் மிகக் குறைவு, சுமார் 500 கிலோ ஹெர்ட்ஸ். சாதாரண அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அதைப்போல எட்டு மடங்கு வேண்டும். அதனால் நிலாக் கேமராவுக்கென்று தனி அளவு வைத்தார்கள்: 320 வரி, விநாடிக்கு 10 படம். பூமியில் இருக்கும் எந்த வீட்டுப் பெட்டியும் இந்த சிங்க்கைப் பிடிக்க முடியாது. 10-ஐ 30 ஆக்கித் தரும் டிஜிட்டல் நினைவகமும் அன்று கைவசம் இல்லை.

என்ன செய்தார்கள்? தரை நிலையத்தில் ஒரு மானிட்டரில் நிலாப் படத்தை ஓடவிட்டு, அதன் முன்னால் ஒரு சாதாரண டிவி கேமராவை நிறுத்தினார்கள். நிஜமாகவே அவ்வளவுதான். இடையில் விடுபடும் படங்களை நிரப்ப, எடுத்ததையே காந்தத் தட்டில் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தக் கருவி இருந்தது. ஆம்ஸ்ட்ராங் காலை வைத்த காட்சி ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக் நிலையம் வழியாக உலகுக்குப் போனது. கோடிக்கணக்கான பேர் பார்த்த அந்த மங்கலான, பேய் மாதிரி இழுபடும் படம், ஒரு மானிட்டரைப் படம்பிடித்த படம். நிலையத்துக்குள் மானிட்டரை நேராகப் பார்த்தவர்களுக்கு இதைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

நிலாவிலிருந்து வந்த மூல சிக்னல் பெரிய காந்த நாடாக்களில் தனியாகப் பதிவாகியிருந்தது. பின்னாளில் நல்ல கருவிகள் வந்ததும் அதிலிருந்து தெளிவான படம் எடுத்திருக்கலாம். தேடினார்கள், வருடக்கணக்கில் தேடினார்கள். 2009-ல் நாசா அறிவித்த முடிவு: நாடாப் பற்றாக்குறை இருந்த காலத்தில் அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும். டிவி நிலையங்களில் மிஞ்சிய நகல்களை வைத்துத்தான் சீரமைத்தார்கள்.

அனலாக் பதிவு விஷயத்தில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

நாடாவின் நடுக்கமும் பந்தியும்

வீடியோவை நாடாவில் பதியும் முதல் வெற்றிகரமான இயந்திரத்தை ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-ல் சிகாகோவில் காட்டியது. கூடவே புதுத் தலைவலியும் வந்தது. நாடா இழுபடும், சுருங்கும். தலையைத் தாங்கிச் சுற்றும் உருளையின் வேகம் இம்மியளவு ஆடும். எனவே நாடாவிலிருந்து வரும் வரிகள் சரியாக 64 மைக்ரோ விநாடிக்கு ஒன்று என்று வருவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஸ்டுடியோவில் கேமராவையும் நாடாவையும் கலக்க வேண்டுமென்றால் எல்லாக் கருவிகளும் ஒரே சிங்க்குக்கு ஆட வேண்டும். நாடா அதற்கு லேசில் மசியாது.

தீர்வு 1970-களில் வந்தது. வரிகளை எண்களாக மாற்றி ஒரு சிறு நினைவகத்தில் போட்டுக்கொள்வது. எழுதுவது நாடாவின் தாறுமாறான நேரப்படி, வாசிப்பது அசையாத படிகக் கடிகாரத்தின் நேரப்படி. இதற்கு டைம் பேஸ் கரெக்டர் என்று பெயர். 1973-ல் டிஜிட்டல் கரெக்டர்கள் விற்பனைக்கு வந்தன.

இதை எப்படி விளக்கலாம்? கல்யாணப் பந்திதான் சரியான உதாரணம். விருந்தாளிகள் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒருத்தர் பஸ்ஸில், ஒருத்தர் காரில், ஒருத்தர் முகூர்த்தம் முடிந்த பிறகு. ஆனால் பந்தி பரிமாறுவது ஒரே நேரத்தில்தான். நடுவில் வாசல் திண்ணை இருக்கிறது. வந்தவர் வந்தபடி திண்ணையில் உட்காருவார். பந்தி தயாரானதும் வரிசையாக உள்ளே போவார்கள். அந்தத் திண்ணைதான் நினைவகம்.

வீட்டு டெக்கில் திண்ணை கிடையாது. 1976-ல் ஜே.வி.சி. கொண்டுவந்த வி.எச்.எஸ். மலிவாக இருக்க வேண்டும், எதிரில் இருப்பதோ எதையும் பொறுத்துக்கொள்ளும் டிவி. எனவே நடுக்கத்தோடே வெளியே அனுப்பிவிட்டார்கள். டிவியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த வரை பிரச்சனை இல்லை.

இந்தப் பொறுமை வித்தியாசத்தை வைத்து ஒரு வியாபாரமே நடந்தது. 1985 முதல் மேக்ரோவிஷன் என்ற காப்புரிமைப் பூட்டு சினிமா கேசட்டுகளில் வந்தது. படம் தெரியாத வரிகளில் வேண்டுமென்றே தவறான துடிப்புகளைச் செருகுவார்கள். டிவி கண்டுகொள்ளாது. ஆனால் நகலெடுக்கும் டெக், சிக்னலின் அளவைத் தானாகச் சரிசெய்யும் சுற்று குழம்பி, இருண்டும் வெளுத்தும் பதியும். இதன் வால் இன்றும் நம்மைக் கடிக்கிறது. தேய்ந்த கேசட்டின் சிங்க்கைப் பார்த்துவிட்டு "இது பூட்டுப் போட்ட சினிமா" என்று தப்பாக முடிவு செய்து பதிய மறுக்கும் கார்டுகள் உண்டு. சொந்தக் கல்யாணத்தைத் திருடிய குற்றச்சாட்டு!

மானிட்டர் பக்கம் ஒரு எட்டு

கம்ப்யூட்டர் மானிட்டர் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். 1987 ஏப்ரலில் ஐ.பி.எம். வி.ஜி.ஏ. முறையைக் கொண்டுவந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி வயர், வரி சிங்க்குக்கு ஒன்று, பக்க சிங்க்குக்கு ஒன்று. இங்கே சிங்க் கறுப்புக்குக் கீழே ஒளிந்திருக்கவில்லை. தனிப் பாதை கிடைத்துவிட்டது.

புத்தம் புது முறைதானே? 640 × 480 படத்தின் கணக்கைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது 480 வரி, தெரியாததையும் சேர்த்தால் 525. விநாடிக்கு 59.94 படம். வரி வேகம் சுமார் 31,469. அதாவது 15,734-ஐப் போல இரு மடங்கு! 1941-ன் வரிக் கணக்கும், 1953-ல் கலருக்காகச் செய்த சமரசமும் கம்ப்யூட்டருக்குள் அப்படியே குடியேறிவிட்டன.

இன்னொரு சுவாரசியம்: அந்தக் காலத்து மானிட்டருக்கு எத்தனை வரி வருகிறது என்று சொல்ல, துடிப்பின் திசையையே சைகையாக வைத்தார்கள். இரண்டு சிங்க்கும் கீழ்நோக்கி இருந்தால் 480 வரி. வரி சிங்க் கீழும் பக்க சிங்க் மேலுமாக இருந்தால் 400. நேர்மாறாக இருந்தால் 350.

ஆனால் வி.ஜி.ஏ. வயரில் ஒன்று போகாது: புள்ளிகளின் கடிகாரம். ஒரு வரியில் எத்தனை புள்ளி என்பது டியூப் மானிட்டருக்குத் தேவையே இல்லை, கற்றை வழுக்கிக்கொண்டு போகும். கேப்சர் கார்டுக்கோ அதுதான் உயிர். அது வரி சிங்க்கை மட்டும் கேட்டு, "இரண்டு துடிப்புக்கு நடுவில் 800 புள்ளி இருந்திருக்கும்" என்று ஊகித்துத் தன் கடிகாரத்தை ஓட்டுகிறது. ஊகம் 799 அல்லது 801 ஆனால் எழுத்துகளின் நடுவே செங்குத்தாக மங்கல் பட்டைகள் விழும். பழைய மானிட்டர் சிக்னலைப் பிடிக்க முயல்பவர்கள் படும் பாட்டில் பாதி இதுதான்.

மீதிப் பாதி, சிங்க் எந்த வயரில் இருக்கிறது என்று தேடுவது. சிலிக்கன் கிராபிக்ஸ் பணிநிலையங்களில் பச்சை வயருக்குள்ளேயே சிங்க் இருக்கும். பழைய வீடியோ கேம் இயந்திரங்களில் இரண்டு சிங்க்கும் கலந்து ஒரே வயரில் வரும். பிரித்தெடுக்க எல்.எம்.1881 என்ற சின்னஞ்சிறு ஐ.சி. பிரபலம். நண்பர்கள் யாராவது பரிசோதிப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: தனி வயரில் வரும் சிங்க் 5 வோல்ட் வரை போகலாம். 0.3 வோல்ட்டை எதிர்பார்க்கும் உள்ளீட்டில் அதை நேராகச் செருகாதீர்கள்.

13.5: சமாதானம் செய்த எண்

படத்தை எண்களாக மாற்றும்போது விநாடிக்கு எத்தனை முறை அளப்பது? அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வரி வேகமே வேறு. 1982-ல் சி.சி.ஐ.ஆர். என்ற சர்வதேச அமைப்பு ஒரு எண்ணைப் பரிந்துரைத்தது: 13.5 மெகா ஹெர்ட்ஸ். இதை அமெரிக்க வரி வேகத்தால் வகுத்தால் 858, ஐரோப்பிய வரி வேகத்தால் வகுத்தால் 864. இரண்டும் முழு எண்கள்! இரண்டு உலகத்துக்கும் ஒரே கடிகாரம். டிவிடியின் ஒரு வரிக்கு 720 புள்ளி என்ற கணக்கு இங்கிருந்து வந்ததுதான்.

என் கேப்சர் கார்டின் மனசும் இப்போது புரிகிறது. அதன் வேலையே எண்ணுவது. ஒரு வரிக்கு இத்தனை புள்ளி, ஒரு பக்கத்துக்கு இத்தனை வரி. நாடாவின் நடுக்கத்தில் ஒரு பக்க சிங்க்கைத் தவறவிட்டால் எண்ணிக்கை குழம்பும், படம் விடுபடும், ஒலியும் படமும் பிரிந்துபோகும். ரொம்பக் குழம்பினால் "சிக்னலே இல்லை" என்று நீலத்திரை. சிக்னல் இருந்தது. அதன் நேரத்தை நம்பத்தான் கார்டுக்கு மனமில்லை.

பதினோரு விநாடி

விடையைச் சொன்னதும் மெக்கானிக் அண்ணன்தான். தனி டைம் பேஸ் கரெக்டர் வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. "அண்ணே, வேற வழியே இல்லையா?" என்றேன். அட்டைப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை எடுத்தார். "இதுல பதிய வேணாம் தம்பி. டெக்குல இருந்து இதுக்குள்ள, இதுல இருந்து உன் கார்டுக்கு. சும்மா நடுவுல நிக்கட்டும்." சில டிவிடி ரெக்கார்டர்கள் உள்ளே வரும் படத்தை நினைவகத்தில் வாங்கி, தன் சொந்த சிங்க்கோடு புதிதாக வெளியே அனுப்பும். அதாவது ஒரு திண்ணை!

நீலத்திரை வரவில்லை. மேல் ஓரத்தில் ஆடிய கொடி அடங்கியது. இரண்டே முக்கால் மணி நேரக் கேசட், ஒரே மூச்சில் ஏறி முடிந்தது.

தாத்தா மொத்தம் பதினோரு விநாடிதான் வருகிறார். பந்தியில். இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். நாதஸ்வர சத்தத்தில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. எழும்போது இடது கையை முழங்காலில் ஊன்றி எழுகிறார். அம்மா அதை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார். "எங்கப்பா இப்படித்தான் எந்திரிப்பார். மறந்தே போச்சு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. உலகில் வி.எச்.எஸ். டெக் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுகிற டெக்குகள் எல்லாம் தேய்ந்துகொண்டிருப்பவை. ரப்பர் பெல்ட் இளகுகிறது, தலை தேய்கிறது, நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. சரிசெய்யத் தெரிந்த அண்ணன்களுக்கும் வயதாகிறது. நாசா மாதிரி பிறகு தேடிப் பயனில்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கேசட் கிடந்தால் இந்த வார இறுதியிலேயே இறக்கிவிடுங்கள். நீலத்திரை வந்தால் பயப்படாதீர்கள். படம் அங்கேதான் இருக்கிறது. நடுவில் ஒரு திண்ணை கட்டினால் போதும்.